தம்பி ஒரு தடவை கொடுத்த பணம்

பாஸ்புக்கை இயந்திரத்தில் விட்டு எடுத்தபோதுதான் கடைசி இரண்டு மாத உதவித்தொகை வரவில்லை என்பது யுவராணிக்குத் தெரிந்தது. வங்கியில் கேட்டால், அது தங்கள் கையில் இல்லை, தாலுகா ஆபீசில் கேளுங்கள் என்றார்கள். புளி தட்டும் கொட்டகையில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். மீதி அரைநாளும் போனால் போகட்டும் என்று நேராக அங்கேயே போனாள்.

யுவராணிக்கு நாற்பத்திரண்டு வயது. சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து டவுன் பஸ் போகும் சிற்றூர் ஒன்றில் வீடு. கணவன் ராஜப்பன் பெங்களூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் கலைமதி பத்தாவது படிக்கிறாள். நிலம் கிடையாது. மாசியிலிருந்து வைகாசி வரை புளி வேலை இருக்கும். மற்ற மாதங்களில் களையெடுப்பு, குச்சிக்கிழங்கு பிடுங்குவது என்று கிடைத்ததைச் செய்வாள். கிடைக்காமல் போகும் வாரங்களும் உண்டு. எது நின்றாலும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, ஆதரவற்ற விதவைகளுக்கென்று அரசு கொடுக்கும் அந்த ஆயிரத்து இருநூறு ரூபாய்தான். சிலிண்டர் வாங்குவதும், கலைமதிக்கு நோட்டு வாங்குவதும் அதில்தான்.

ஆபீசில் எழுத்தர் அவளுடைய நம்பரைப் போட்டுப் பார்த்தார். பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றார். தை மாதம் எல்லாப் பயனாளிகளையும் மறுபடி சரிபார்த்தபோது அவள் கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வந்திருந்தது. வீட்டிலும் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டுப் போன அதிகாரி, 'உடன்பிறந்தவர் ஆதரவு உள்ளது' என்று எழுதியிருந்தார். விளக்கம் இருந்தால் மனுக் கொடுக்கச் சொன்னார் எழுத்தர்.

அந்தப் பணம் அவள் தம்பி மாதவராஜ் அனுப்பியது. கார்த்திகைப் புயல் மழையில் மண்சுவர் ஊறி, வீட்டின் பின்பக்கம் ஓட்டோடு உட்கார்ந்துவிட்டது. அவளும் கலைமதியும் முன்பக்கத்தில் படுத்திருந்ததால் தப்பித்தார்கள். மாதவராஜுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வெல்டர் வேலை. சேதி கேட்டு மறுநாளே வந்தான். இடிந்து கிடந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மார்கழியில் அவனுடைய பி.எஃப். பணத்தை எடுத்து அப்படியே அக்கா கணக்கில் போட்டான். அதில் செங்கல் சுவர் எழும்பியது, மேலே சிமெண்ட் ஷீட் ஏறியது, கதவு ஒன்று வந்தது. தை முடிவதற்குள் பணமும் முடிந்துவிட்டது.

ஆக, தம்பி கொடுத்த பணம் சுவரில் இருக்கிறது. மாதாமாதம் வந்த பணமோ நின்றுவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யுவராணி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுக்கும் பாஞ்சாலி ஒரு வழி சொன்னாள். அந்தப் பணத்தைக் கடன் என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. தம்பியிடம் கடன் வாங்கியதாக ஒரு பத்திரம், பழைய தேதி போட்டு எழுதிக்கொண்டால் போதும். கடன்பட்டவளை ஆதரவு உள்ளவள் என்று யார் சொல்ல முடியும்? யுவராணிக்கு அது சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை, புதுப் பத்திரம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறினாள்.

மாதவராஜ் இருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு அறை, ஒரு சமையலறை. அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். யுவராணி வந்த காரியத்தைச் சொல்லிப் பத்திரத்தை எடுத்து வைத்தாள். தம்பி அதைக் கையில் எடுக்கவில்லை.

"என்னாக்கா இது? உன்னாண்ட நான் கடன் பத்திரம் வாங்கணுமா?" என்றான்.

"சும்மா ஒரு பேருக்குத்தாண்டா. மனுவோட வெச்சுட்டா அப்புறம் யாரு பாக்கப் போறா."

"பேருக்குத்தான். அன்னிக்கும் பேருக்குத்தான சொன்ன?"

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த உதவிக்கு எழுதிப்போட்டபோது வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து விசாரித்தார். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். மாதவராஜ் அப்போது ராஜப்பனின் காரியத்துக்கு வந்தவன், வாசலில்தான் நின்றிருந்தான். இவள் அவனைப் பார்க்காமலேயே, இருக்கிறான், ஆனால் எனக்கு யாருமில்லை என்று சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை. அவனுக்கு அப்போது நிரந்தர வேலை கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வருடத்துக்கு ஒருமுறை வந்து, கலைமதி கையில் நூறோ இருநூறோ வைத்துவிட்டுப் போய்விடுவான். சோறு சாப்பிட உட்காரமாட்டான். வேலை அதிகம் போல என்று அவள் நினைத்திருந்தாள்.

"அத இன்னமுமா மனசுல வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான்க்கா பி.எஃப். எடுத்தேன். இவளாண்ட கூட கேக்கல," என்று மனைவி இருந்த பக்கம் தலையசைத்தான். "ஊர்ல நாலு பேரு, தம்பி கட்டிக் குடுத்தான்னு சொல்லட்டும்னு இருந்தேன். அதயும் கடன்னு எழுதச் சொல்ற."

யுவராணி பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேண்டாம், விடு என்றாள். ஆயிரத்து இருநூறு ரூபாய் இல்லாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றாள். ஆனால் மாதவராஜின் மனைவி சாப்பாடு போட்டபடியே கேட்டாள், பொய் எழுதாமல் நடந்ததை நடந்தபடி போய்ச் சொன்னால் என்ன என்று. கிளம்பும்போது மாதவராஜ் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். பஸ் நகரும் நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்து, வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன், ஆபீசுக்குச் சேர்ந்து போகலாம் என்றான்.

வியாழக்கிழமை உதவித்தொகைப் பிரிவில் கூட்டம் இருந்தது. அதைப் பார்க்கும் தாசில்தார் ஒரு பெண். மனுவைப் படித்துவிட்டு மாதவராஜைப் பார்த்து, அக்காவை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அதில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். ஆமாம் என்று சொன்னால் அக்காவின் பணம் போகும். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. யுவராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனை இங்கே அழைத்து வந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. மேடம், அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"பாத்துக்கணும்னு ஆசைங்க மேடம்," என்றான் மாதவராஜ். "முடியலீங்க."

அப்புறம் தடுமாறாமல் சொன்னான். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். "வூடு இடிஞ்சு நின்னாங்க. அதுக்காக பி.எஃப். எடுத்து ஒரு தடவ குடுத்தது. கடன் இல்லீங்க, நான் குடுத்தது. ஆனா அடுத்த மாசம் ஐந்நூறு குடுன்னாலும் எங்கிட்ட இல்லீங்க."

தாசில்தார் மனுவை மறுபடி புரட்டினார்.

"பணம் வந்தது தப்பில்லம்மா," என்றார் யுவராணியிடம். "வந்த பணம் மாசாமாசம் வருமா, ஒரு தடவ வந்ததா, இப்ப கையில இருக்கா, செலவாயிடுச்சா, அதுதான் கேள்வி. தம்பி சொன்னத அப்படியே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பில் இருக்கறத எல்லாம் வைங்க."

சிமெண்டுக்கும் ஷீட்டுக்கும் பில் இருந்தது. மேஸ்திரி கூலிக்கு இல்லை. அவரிடமே ஒரு கடிதம் எழுதி வாங்கினாள். கிடைத்துவிடும் என்று தாசில்தார் உறுதி சொல்லவில்லை. மேலே அனுப்புகிறேன் என்று மட்டும்தான் சொன்னார். வெளியே வந்ததும் மாதவராஜ் டீக்கடைப் பக்கம் போகாமல் மரத்தடியில் நின்றுகொண்டான். அவனுக்கு முகம் வியர்த்திருந்தது. யுவராணி இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். பேசினால் அழுதுவிடுவோம் என்று இருவருக்கும் பயம்.

சித்திரையில் ஒரு அதிகாரி வந்து வீட்டைப் பார்த்தார். புதிதாகக் கட்டிய ஒற்றை அறையை அளந்தார், பூசாத சுவரைப் போட்டோ எடுத்தார், பாஸ்புக்கைப் புரட்டினார். கணக்கில் நானூற்றுச் சொச்சம் இருந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் சேதியே இல்லை. புளி வேலையும் முடிந்துவிட்டது. அந்த நாட்களில் யுவராணி கம்மலை அடகு வைத்தாள். மாதவராஜ் போன் செய்யும்போதெல்லாம், எல்லாம் ஓடுகிறது என்றாள்.

ஆடி பிறந்த வாரம் பணம் வந்தது. நின்றுபோன மாதங்களுக்கான தொகை அதில் இல்லை. அதற்கு மறுபடி மனுக் கொடுத்திருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை. பாஞ்சாலியின் மகன் திருப்பூரிலிருந்து ஒரு தொகை அனுப்புவதாகச் சொல்ல, வாங்கினால் தன் உதவித்தொகையும் நின்றுவிடுமோ என்று பாஞ்சாலி அவளிடம்தான் வந்து கேட்டாள். "புள்ள குடுக்கறத வேணாம்பாங்களா? வாங்கு," என்றாள் யுவராணி. "எதுக்குன்னு எழுதி வாங்கிக்கோ. பில்லத் தூக்கிப் போடாத."

ஆடிப் பதினெட்டுக்கு மாதவராஜ் குடும்பத்தோடு வந்தான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சிமெண்ட் ஷீட்டில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. இலை முன் உட்கார்ந்திருந்த அவன் கையை நீட்டி நீட்டி ஏதோ கேட்க, ரசமா, மோரா என்று புரியாமல் யுவராணி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.