மூடிக்குள் அடங்கும் கூலர்

எங்கள் டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. படம் பார்ப்பதற்கென்றே என் வீட்டுக்காரர் பாகம் பாகமாக வாங்கி மாட்டியது. அலமாரித் தட்டுக்குள் நுழையவேண்டும் என்று தேடிப்பிடித்த ஒல்லிப் பெட்டி. ஆள்தான் ஒல்லி, தொண்டை அல்ல.

அவர் வெளிநாட்டு வேலைக்குப் போனபிறகு, விடுமுறை மதியங்களில் அவர் அங்கேயும் நான் இங்கேயும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்போம். கூடவே வீடியோ கால். சார்ஜர் வயர் அவ்வளவு தூரம்தான் எட்டும் என்பதால் போனை அந்தப் பெட்டியின்மேல் சாய்த்து வைப்பேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுப்பார். உள்ளே பிராசசர் சூடாகாமலிருக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூலர் விசிறியின் இரைச்சலில் ஒரு எழுத்தும் காதில் விழாது.

"என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

வாராவாரம் இதே கதை. கிளம்பும்போது சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் "மூணு வருஷத்தையும் முடிச்சுட்டுத்தான் திரும்புவேன்" என்று மார்தட்டிவிட்டுப் போனவர். இன்னும் பாதிகூட ஆகவில்லை. அவர் என்னதான் சொல்கிறார் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்தது. அவர் இல்லாமல் இந்த வீடு எனக்கு வீடாகவே இல்லை. அதை நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சத்தம் போடாத கூலர் வேண்டும் என்று கடையில் போய் நின்றேன். பெட்டிக்குள் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று கேட்டார் கடைக்காரர். ஸ்கேல் வைத்து அளந்ததைச் சொன்னேன்.

"போர்டுலேர்ந்து அளந்தீங்களா, பிராசசர் மேலேர்ந்தா?"

"போர்டுலேர்ந்து."

"போச்சு போங்க. கூலர் பிராசசர் மேலல்ல உக்காரும். அந்த அளவுக்கு வாங்கினா மூடியே மூடாது."

திரும்ப வீடு, திரும்ப ஸ்கேல், திரும்பக் கடை. மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். உயரமானது நன்றாகக் குளிர்விக்குமாம், ஆனால் என் பெட்டிக்குள் போகாது. ரொம்ப மெலிந்தது போகும். அதன் குட்டி விசிறியோ தலைதெறிக்கச் சுற்றிப் பழையதைவிட அதிகமாகக் கத்தும். மூன்றாவது தட்டையாக, அகலமான விசிறியோடு இருந்தது.

"அகலமா இருந்தா மெதுவா சுத்தினாலே போதும்க்கா, சத்தம் வராது. மூடிக்கும் விசிறிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கணும், காத்து இழுக்கணும்ல."

"சத்தம் வந்துச்சு, உங்க கடை வாசல்லயே வந்து உக்காந்துடுவேன்."

"உக்காருங்க, டீ வாங்கித் தரேன்."

நானே மாட்டினேன். பழைய பசையைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் புதுப் பசை பிராசசர்மேல் ஒரு பொட்டு வைத்து, திருகுகளை மாற்றி மாற்றி இறுக்கினேன். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த வாரப் படம் முடிந்தது. பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. அவர் வழக்கம்போலக் குனிந்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"கூலர மாத்திட்டேன். இப்ப சொல்லுங்க."

"என்னத்த?"

"வாராவாரம் முணுமுணுப்பீங்களே, அத."

"அதுவா... உனக்குக் கேக்காதுங்கற தைரியத்துலதான் சொல்லிட்டிருந்தேன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! இதற்காகவா கடைக்கும் வீட்டுக்கும் நாயாய் அலைந்தேன்? போனை வயரிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். காலி ஜாரை மிக்ஸியில் மாட்டி முழு வேகத்தில் ஓடவிட்டேன். வீடே அதிர்ந்தது. "ம், சொல்லுங்க" என்று கையை ஆட்டினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. இந்தமுறை குனியாமல், என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது போதாதா?

'வந்துரட்டுமா?'

மிக்ஸியை நிறுத்தினேன். வீட்டில் எங்குமே சத்தமில்லை.

"வந்துடுங்க," என்றேன்.

அவருக்கு நன்றாகவே கேட்டது.