கோட்டு மாட்டும் ஆணி

"ஆணி அங்கேயேதான் இருக்கு போல" என்றார் ஒக்வேனோ, செத்துப்போன தம்பி வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே.

அந்தத் தம்பி அகேயோவின் புருஷன். ஒடேரா போய் எட்டு மாதம். அவன் கோட்டை அவனோடு புதைத்தாயிற்று. அவன் சட்டை அவள் உடம்பில் இருந்தது. புருஷன் வீட்டு ஆண் ஒருவன் பெண்டாட்டியாக ஏற்றுக்கொள்ளும்வரை விதவை அதைக் கழற்றக் கூடாது. ஆணியைப் பார்க்காமல் அந்த அறையில் நடமாட அவள் பழகியிருந்தாள். ஆணிதான் அவளைப் பார்ப்பதை விடவில்லை.

"நான் படிச்சவன், உகென்யாக்காரி." அவள் பிறந்த ஊர் உகென்யா, புகுந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி கட்டில்வரைக்கும் வரமாட்டேன். என் கோட்டு ஒரு ராத்திரி இதுல தொங்கட்டும். விடிஞ்சதும் பெரியவங்க வந்து பார்ப்பாங்க. வழக்கம் முடிஞ்சுது. நீ ஸ்வீடனுக்குப் பொறப்படு."

"படிச்சிட்டு வந்தா நான் யாரு, மூத்தவரே?"

"என் வீட்டுப் பொம்பள. ஸ்வீடன்ல படிச்ச என் வீட்டுப் பொம்பள." இரண்டாம் முறை சொன்னபோது அது இன்னும் ருசியாக இருந்திருக்க வேண்டும்.

"அவரோட இறப்புச் சான்றிதழ்?"

"என் இரும்புப் பெட்டியில பத்திரமா இருக்கு. காலையில கோட்டு இறங்கும்போது உன் கைக்கு வரும்."

ஒக்வேனோ பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். போன மாதப் பரிசளிப்பு விழாவில், உலகத்தின் கதவுகள் நம் பெண்களுக்காகத் திறந்திருக்கின்றன என்று நாற்பது நிமிடம் பேசினார். அகேயோவின் பெயரை மூன்று முறை சொன்னார். ஏரி மீனின் குடலில் வாழும் புழுக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு, நான்கு வருட உதவித்தொகை. மாணவிகள் கை தட்டினார்கள். உலகத்தின் கதவுச் சாவி தன் கழுத்துக் கயிற்றில் தொங்குவதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மகளையும் கூட்டிப்போக வேண்டுமானால் தகப்பன் இறந்ததற்கு அசல் சான்றிதழ் வேண்டும். வியாழக்கிழமை காலை, நைரோபியில், தூதரகத்தில். இன்று செவ்வாய். புதுச் சான்றிதழுக்கு மனுப் போட்டால் மூன்று மாதம். அகேயோ சரி என்று தலையை ஆட்டினாள்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. வழக்கத்தை முடிக்காத விதவை ஊரைத் தாண்டினால் பிள்ளைமேல் சிரா என்ற சாபம் இறங்கும். பிள்ளை உருகி உருகிச் சாகும் என்பார்கள். அகேயோ அதை நம்பவில்லை. நுண்ணோக்கியில் புழு எண்ணுகிறவள் அவள். ஆனால் ஐந்து வயது அமோண்டி இருமினால் மட்டும் எண்ணிக்கை தப்பிவிடும்.

பிற்பகலில் ஒக்வேனோவின் மனைவி பெரெஸ் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இஸ்திரி போட்டுக் கொண்டாரச் சொன்னாரு. என் புருஷன் கோட்டை உன் வீட்ல மாட்ட நானே கரி போட்டு ஊதியிருக்கேன். எந்தப் பொண்டாட்டிக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?"

"நான் கேக்கல, அக்கா."

"நானும்தான் கேக்கல. நம்மளை யாரு கேட்டாங்க?" ஆணியில் மாட்டி, தோள்களை நீவிவிட்டாள். "உள் பை வரைக்கும் இஸ்திரி போட்டிருக்கேன். அஞ்சு மணிக்கு மேல கிசுமு டவுனுக்கு வண்டி கிடையாது, தெரியுமில்ல?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. கோட்டுக்குக் கருத்த முதுகு, சற்றே சரிந்த இடது தோள். அண்ணன் தம்பிக்கு ஒரே தையல்காரர்.  இருமினால் அது திரும்பிப் பார்த்துவிடும் என்று அகேயோவுக்குத் தோன்றியது.

அமோண்டி விளையாடிவிட்டு ஓடி வந்தவள் வாசலில் நின்றாள்.

"அப்பா வந்துட்டாரா?"

 பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உள் பைக்குள் கையை விட்டாள். ஒடேரா அங்கேதான் மிட்டாய் வைத்திருப்பான்.

"மிட்டாய் இல்லம்மா. காகிதம்தான் இருக்கு."

நான்காக மடித்த தாள், இஸ்திரிச் சூடு ஆறாமல். ஒடேராவின் பெயர், இறந்த தேதி, முத்திரை. இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் தானாக நடந்து பைக்குள் வராது. ஒக்வேனோ குளிக்கும்போது மட்டும்தான் சாவிக் கயிற்றைக் கழற்றுவார். அப்போது அது யார் கையில் இருக்கும் என்று அகேயோவுக்குத் தெரியும்.

அவள் ஒடேராவின் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். தன் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மணி நாலரை.

காலையில் ஒக்வேனோவும் பெரெஸும் பெரியவர்கள் மூன்று பேரோடு வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது; பெரெஸ் ஜன்னலைத் தள்ளி உள்ளே பார்த்துவிட்டு வந்தாள். கோட்டு கோழிக்கூட்டுக் கதவில் தொங்கியது. அதன் முதுகில் கோழிகள் தங்கள் சம்மதத்தைத் தாராளமாகப் பதித்திருந்தன.

"ராத்திரி பூரா இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டார் அந்த மூவரில் மூத்தவர்.

"இங்கதான்" என்றாள் பெரெஸ்.

"அப்போ வழக்கப்படி..." என்று ஆரம்பித்தவர், ஒக்வேனோவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒக்வேனோ கழுத்துக் கயிற்றைத் தடவினார். சாவி இருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் கோட்டை உதறிக்கொண்டிருந்தாள்.

"உங்க கோட்டை இனிமே எங்க மாட்டுறதுன்னு பெரியவங்களையே கேட்டுச் சொல்லுங்க" என்றாள். "அந்த வீட்டு ஆணியை அவ பிடுங்கிட்டுப் போயிட்டா."