முதல் வீட்டுக்குப் போன கார்

எங்கள் ஊரில் கார்களுக்கு வயதாகிவிட்டால், அவை தங்களை முதன்முதலில் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பும். யாரும் ஓட்ட வேண்டியதில்லை. சாலையின் இடது ஓரமாக, சிக்னலில் நின்று நின்று, மெதுவாகப் போகும். போக்குவரத்துக் காவலர்கள் அவற்றை மறிப்பதில்லை.

என் கார் ஒரு புதன்கிழமை போனது. நான் அப்போது பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பருவக்காற்று நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதால் பேருந்தில்தான் போய்வந்தேன். தாமாகக் கிளம்பும்போது கார்களுக்கு ஸ்டார்ட் ஆவதில் சிரமம் இருப்பதில்லை. மாலையில் நான் வீட்டுக்கு வந்தபோது, கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. என் மனைவி பூங்கோதை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிடுச்சு," என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"கடைவீதி வழியா." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பாவாடை நாடாவோட," என்றாள்.

காரின் பின்பக்க பம்பர் போன மழைக்காலத்தில் கழன்று தொங்கியது. கைக்குக் கிடைத்ததை வைத்து நான்தான் கட்டினேன். ரோஸ் நிற நாடா. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்கினால் போதும் என்று கட்டியது, அப்படியே இருந்துவிட்டது. இப்போது அதை நகைக்கடைக்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் மருந்துக் கடையில் வரிசையில் நின்றவர்களும் பார்த்திருந்தார்கள்.

"நேத்து நீங்க அந்த ஆளை வாசல்ல வெச்சுப் பேசியிருக்கக் கூடாது," என்றாள் பூங்கோதை.

அவள் சொன்னது பழைய இரும்பு வாங்குகிறவரை. முந்தைய நாள் வந்திருந்தார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல பானட்டைத் தட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்ல சார்," என்றார். நானும் சிரித்தேன். சரி பண்ணுவதா, தள்ளிவிடுவதா என்று நானும் பூங்கோதையும் பல மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். மேம்பாலம் ஏறும்போது பின்னால் வரும் பேருந்துகள் எங்களுக்காகக் காத்திருக்கும். இடது பக்கக் கதவு திறக்காது. பூங்கோதை கல்யாண மண்டபங்களின் வாசலில் பட்டுப்புடவையோடு டிரைவர் சீட்டைத் தாண்டித்தான் இறங்குவாள். கதவைச் சரி பண்ணினால் கிளட்சையும் பண்ண வேண்டும், கிளட்சைப் பண்ணினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பேச்சையெல்லாம் நாங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்துதான் பேசினோம்.

கார் போய்விட்டால் இருக்கிற நடைமுறை எல்லோருக்கும் தெரியும். வைத்திருந்தவர் நேரில் போக வேண்டும். பழமும் ஒரு டின் எஞ்சின் ஆயிலும் கொண்டுபோக வேண்டும். முதல் வீட்டுக்காரர்கள் முன்னிலையில், சரி பண்ணி அழைத்துக்கொள்கிறேன் என்றோ, விட்டுவிடுகிறேன் என்றோ காரிடமே சொல்ல வேண்டும். விட்டுவிடுகிறேன் என்றால் கார் தானாகவே இரும்புக்கடைக்குப் போய்விடும். போகாமல் தட்டிக்கழிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஊரில் யாரும் குடைகூடக் கடன் கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் பள்ளியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் சத்தமே போடவில்லை. பருவக்காற்று திரும்பிப் போவதை நான் கரும்பலகையைப் பார்த்தபடியே நடத்தி முடித்தேன். தலைமையாசிரியர் மட்டும் வராந்தாவில் என்னோடு சிறிது தூரம் நடந்து வந்தார்.

"பேசி முடிச்சுட்டீங்களா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை போறோம் சார்."

"போயிருங்க. தள்ளிப் போட்டா பிள்ளைங்க பாடத்துல சந்தேகம் கேக்க மாட்டாங்க," என்றார்.

முதல் வீடு சகாயநாதனுடையது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரும் அவருடைய தங்கை ஃபிலோமினாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாதா கோயில் தெருவில் இருந்தார்கள். காரை அவரிடமிருந்து வாங்கிய அன்றைக்குப் பார்த்ததுதான். பேருந்தில் போகும்போது, விட்டுவிடுகிறேன் என்று எப்படிச் சொல்வது என நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "உன் நல்லதுக்குத்தான்" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை. வேறு கிடைக்கவில்லை.

கார் அவர்கள் வீட்டு ஹாலில் நின்றது. சோபாவை எடுத்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே நிறுத்தியிருந்தார்கள். கழுவித் துடைத்திருந்தார்கள். அதன் நிறம் சாம்பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இளநீலமாக இருந்தது. பம்பரைப் புதுக் கம்பி போட்டு முடுக்கியிருந்தார்கள். டீப்பாயில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் அந்த ரோஸ் நிற நாடா, துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"உங்களதுதானேம்மா," என்று சொல்லி ஃபிலோமினா தட்டைப் பூங்கோதையிடம் நீட்டினார்.

பூங்கோதை அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் நின்றுவிட்டது. அவள் அதைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் ஆப்பிள் பையைத் தரையில் வைத்தேன். எஞ்சின் ஆயில் டின்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஃபிலோமினா காபி கொடுத்தார். "எங்ககிட்ட இருந்தப்போ இதுக்கு ஒரு இருமல் கிடையாது," என்றார். "இப்போ விடிய விடிய இருமுது."

அதைக் கேட்டதும் கார் இருமியது. பிறகு, விருந்தாளிகள் முன்னால் இருமிவிட்டதற்காக வருந்துவதுபோல ஒரு தடவை விளக்கை மங்கலாக எரித்து அணைத்தது.

சகாயநாதன் குறை எதுவும் சொல்லவில்லை. அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். "ஏன் தம்பி, வைப்பர் ஒண்ணுதான் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க பக்கம் மழை கம்மிங்க சார்," என்றேன்.

எங்கள் வீடு அவர் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டி நான்கு பேருந்து நிறுத்தங்கள்தான். "அப்படியா," என்றார் அவர். காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காது சூடாகிவிட்டது.

பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். சீட்டில் புது உறை போட்டிருந்தார்கள். அதில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று பேரும் கார் ஜன்னலருகே நின்றார்கள். ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்தேன். அது வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. "சரி பண்ணிடறேன், வா," என்று சொல்லிவிட்டேன். சாவியைத் திருப்பினேன்.

ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"வெக்கத்துக்குச் சொல்றீங்க," என்றார் ஃபிலோமினா. "அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"வெக்கத்துல கூட்டிட்டுப் போனா திரும்ப வந்துரும் தம்பி. எதிர் வீட்டுக் கார் அப்படித்தான் ரெண்டு வாட்டி வந்துச்சு."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கவும் முடியவில்லை. பூங்கோதை காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போனவள் திரும்பிவரச் சற்று நேரம் ஆனது. வந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து, என் காதருகே சொன்னாள்: "என்னங்க, கேஸ் அடுப்புக்குக் கீழ ரெண்டு பாய் விரிச்சிருக்கு. தலகாணியும் இருக்கு."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஹாலில் காருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடம் அவ்வளவு குறுகல், எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். அந்த வீட்டின் ஒரே படுக்கையறையின் கதவு காருக்குப் பின்னால் மறைந்திருந்தது. திறக்க வழியில்லை.

ஃபிலோமினா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஹாலை விட்டா இதுக்கு வேற இடம் இல்லையே," என்றார். "தெருவுல நிறுத்தினா, வந்த பிள்ளையை வெளிய நிறுத்திட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?"

"எனக்கு முட்டி வலி," என்றார் சகாயநாதன். அவர் ஆப்பிள் பையைப் பார்த்துப் பேசினார். "கீழ படுத்தா எந்திரிக்க முடியல. இவதான் கையைப் பிடிச்சுத் தூக்கறா. இவளைத் தூக்க ஆள் இல்ல. சொல்றதுக்குக் கேவலமா இருக்கு தம்பி. எங்களாலயும் வெச்சுக்க முடியாது."

காரின் ஒற்றை வைப்பர் கண்ணாடியின் குறுக்கே ஒருமுறை போய், நடுவில் நின்றது. நாங்கள் நான்கு பேரும் தரையைப் பார்த்தோம். தரை மிகவும் சுத்தமாக இருந்தது. நாங்கள் வருகிறோம் என்பதற்காக அவர்கள் அதையும் கழுவியிருந்தார்கள்.

மாதா கோயிலில் மணி அடித்தது. யாரோ ஒருவர் பேச வேண்டியிருந்தது. டிரைவர் சீட்டில் நான்தான் இருந்தேன்.

"உன்னை இரும்புக்குப் போட்டுடலாம்னுதான் வந்தேன்," என்று காரிடம் சொன்னேன். "வர்ற வழியெல்லாம் அதைத்தான் நினைச்சேன். உன்மேல எனக்கு பெரிய பாசம்னு இல்ல. மேம்பாலத்துல எல்லாரும் ஹாரன் அடிக்கும்போது எனக்கு அசிங்கமா இருக்கு. ஆனா இவங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல படுக்கறாங்க. இவருக்கு முட்டி வலி. இதை விட்டுட்டு நான் எப்படி பஸ் ஏறிப் போறது? சரி பண்றேன். வா."

சாவியைத் திருப்புவதற்கு முன்பே எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஹால் முழுக்கப் புகை வந்தது. ஃபிலோமினா இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார். "இது போதும் அதுக்கு," என்றார்.

சரி பண்ணும் வேலையை முதல் வீட்டின் வாசலில், தெருவில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மெக்கானிக் காருக்கு அடியில் படுக்கும்போது வைத்திருந்தவரும் பக்கத்தில் படுக்க வேண்டும். ரபீக் என்ற மெக்கானிக் வந்தார். எப்போதும் போனில் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். நான் தினமும் பள்ளி விட்டதும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க சார், கால் ரோட்டுல இருக்கு," என்பார்.

மாதா கோயில் தெருக்காரர்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நாடா கட்டினது நீங்கதானா?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"நான்தாங்க."

"சும்மா முகத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்று சொல்லி, கூடையோடு போய்விட்டார்.

படுத்திருப்பவனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் ரபீக். எண்ணெய் சொட்டு சொட்டாக என் நெற்றியில் விழுந்தது. ஒருநாள் என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சைக்கிளில் வந்து வரிசையாகக் குனிந்து, "வணக்கம் சார்," என்றார்கள். நான் படுத்தபடியே வணக்கம் சொன்னேன். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு சந்தேகம் என்றாள் அவர்களில் ஒருத்தி. அங்கிருந்தே விளக்கினேன். ரபீக் போனைக் கொஞ்ச நேரம் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்த அன்று மாலை பூங்கோதை பேருந்தில் வந்து சேர்ந்தாள். சகாயநாதன் படுக்கையறைக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கையசைத்தார். எழுந்து வர வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். ஃபிலோமினா புது வைப்பரைத் தொட்டுப் பார்த்தார். "அடிக்கடி வர வேணாம்," என்று சொல்லி, காரின் பானட்டில் தட்டிக்கொடுத்தார். அதைக் காரிடம் சொன்னாரா, எங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. இருவருமே தலையாட்டினோம்.

பூங்கோதை இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"சுத்திப் போயிடலாமா?" என்று கேட்டேன். "புறவழிச் சாலையில போனா யாரும் பாக்க மாட்டாங்க."

"வேண்டாம். நேராவே போங்க," என்றாள். சொல்லிவிட்டு அவளும் ஜன்னல் கண்ணாடியைப் பாதிவரை ஏற்றிக்கொண்டாள்.

பாலத்தில் வேலை நடப்பதாகத் தடுப்பு வைத்திருந்தார்கள். மணல் வழியாகக் கீழே இறங்கச் சொன்னார்கள். இறங்கினோம். ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. சரி பண்ணித் திரும்பும் கார்களுக்கெல்லாம் செய்வதுபோல, எங்களைப் பார்த்ததும் ஆறு எழுந்து, இடது ஓரமாக ஒதுங்கி, கரையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு வழிவிட்டது. நான் அதன் முகத்தைப் பார்க்காமல் முதல் கியர் போட்டேன். ஈர மணலில் சக்கரம் கொஞ்சம் சறுக்கியது.

"பாத்துங்க," என்றாள் பூங்கோதை. "ஆத்தோட காலை மிதிச்சிடப் போறீங்க."

நான் வண்டியை வலது பக்கம் ஒடித்தேன்.