ரிதம் பேடுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

மேடைப் பக்கம் இருந்தவர்கள்: பாடுகிற பிரவீனா, ஸ்டிக்கால் தட்டும் எலெக்ட்ரானிக் ரிதம் பேடில் இனியவன், கம்பெனி அணியின் மேனேஜராகக் கால்மேல் கால் போட்டிருந்த என் பழைய சூப்பர்வைசர் புருஷோத்தமன், லைட் சுவிட்சுக்கும் சாமான் ரூம் சாவிக்கும் நான், கலைமணி. வலைக்குள் பாக்ஸ் கிரிக்கெட் ஃபைனல். வலைக்கு வெளியே ஃபிரைட் ரைஸ் தட்டோடு ஊரே நின்றது.

ஒரகடம் என்றால் கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வந்து அதே பஸ்ஸில் திரும்புகிற இடம். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் குன்றத்தூரிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். சிக்ஸருக்கு ஓர் அடி, விக்கெட்டுக்கு ஓர் அடி, ஓவர் முடிந்தால் பாட்டு. கம்பெனி டோர்னமென்ட் வருவதற்கு முன்பே அந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் நான். பேடில் இருக்கும் பம்பைச் சத்தம்கூட மண்ணூர்த் திருவிழாவில் நான் போனில் பிடித்து ஏற்றியது. அதை இனியவன் தட்டினான். கூட்டம் அவனைப் பார்த்து விசிலடித்தது.

நைட் ஷிப்டை விட்டதே இந்த ஸ்டூலுக்காகத்தான். கச்சேரிக்கு லீவு கேட்டபோது புருஷோத்தமன், "மோளம் அடிக்கவா லீவு? போய் லைன்ல நில்லுடா" என்றார். நிற்கவில்லை. வேலையிலிருந்தே நின்றுவிட்டேன். அடுத்த மாதமே கம்பெனி டோர்னமென்ட் தொடங்கியது. பேண்டில் கம்பெனி ஆட்கள் மட்டும் என்றார்கள்.

ஆனால் இன்று இனியவனுக்கு நைட் ஷிப்ட். "அவன் பஸ் ஏறினதும் நீ உக்காரு. யாரு கேக்கப்போறாங்க?" என்று பிரவீனா சொல்லியிருந்தாள். அதற்காகவே சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தேன். என் ஸ்டிக் இரண்டும் பின் பாக்கெட்டில்.

ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"இனியா, பஸ் வந்துட்டுது."

"நீ இன்னா எனக்கு டைம் ஆபீசா?" என்று சிரித்தான். எழுந்திருக்கவில்லை.

புருஷோத்தமன் திரும்பாமலே சொன்னார்: "அவனுக்கு இன்னிக்கி ஆன் டூட்டி போட்டாச்சு. தட்டுறதுக்கே சம்பளம்டா. நீதான் அவசரப்பட்டுட்ட கலை."

பஸ் போய்விட்டது. பிரவீனா என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பார்த்தாள்.

கடைசி ஓவருக்கு முன்னால் இனியவன் என்னிடம் ஓடி வந்தான். "மச்சி, ஸ்டிக் ஒடிஞ்சி பூட்ச்சி. வேற ஸ்டிக் எதுனா கீதா?"

"ரூம்ல கீது. உள் ரேக்ல, அடித்தட்டுல பாரு."

"நீ எட்த்துனு வாயேன்."

"லைட்ட யாரு பாப்பா? சம்பளம் உனக்குத்தான? நீயே போ."

"வயித்தெரிச்சல் புடிச்சவனே" என்று என் தோளில் தட்டிவிட்டு, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே இருந்த தகர ரூமுக்குள் போனான். ரேக்கின் அடியில் குனிந்து பழைய கிரிக்கெட் மட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். மேடையில் பிரவீனா, "ரிதம் எங்கப்பா?" என்று மைக்கிலேயே கேட்டாள். ஸ்பீக்கர் போடுகிற சத்தத்தில் அந்த ரூமுக்குள்ளிருந்து கத்தினால் வெளியே கேட்காது.

பின் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினேன்.