சீப்பும் சவரக்கத்தியும்

என் வீட்டுக்காரர் சலூன் வச்சிருக்கார். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சு, ஆஸ்பத்திரியில பிழைச்சு வந்ததிலிருந்து, கண்ணுல எது பட்டாலும் எடுத்து வேலையை ஆரம்பிச்சிடறார். மேசையில மூக்குக்கண்ணாடி இருந்தா மாட்டிக்குவார், மூக்குல ஏற்கெனவே ஒண்ணு இருந்தாலும் சரி. கேட்டா, "தெரியலையே, கை போயிடுச்சு"ன்னு சிரிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. "பொருளைப் பார்த்தா எல்லார் கையும்தான் பரபரக்கும். இப்ப வேணாம்னு தடுக்கிற இடம் நெத்திக்குப் பின்னால இருக்கு. இவருக்கு அடி விழுந்தது அங்கதான். வேணும்னே செய்யறார்னு திட்டாதீங்க."

வீட்டுல கத்தி, தீப்பெட்டி எல்லாத்தையும் ஒளிச்சு வச்சேன். அவரோ, "கடைக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போ"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தார். எத்தனை நாளைக்கு மனசைக் கல்லாக்கிக்கிறது? இன்னிக்குக் காலையில போனோம்.

அவரை வாசல்ல நிறுத்திட்டு, நான் முதல்ல உள்ள போய் கத்தரிக்கோல், சவரக்கத்தி எல்லாத்தையும் பையில போட்டேன். துணைக்கு வந்த என் தம்பி பெரிய மனுஷன் மாதிரி நாற்காலியில சாஞ்சு, "மாமா, ஷேவிங் பண்ணி விடுங்க"ன்னான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான்.

தொழில் பண்றவங்க மடிச்ச துண்டுக்கு அடியில ஒரு கத்தியைத் தனியா வச்சிருப்பாங்கன்னு எனக்கு எங்க தெரியும்? திரும்பிப் பார்த்தா, அவர் உள்ள வந்து தம்பி கழுத்துல கத்தியை வச்சிருக்கார். சோப்பு கூட போடல. அவன் எச்சில் முழுங்கக்கூட பயந்து கிடந்தான். நான் சத்தம் போட்டா அவர் கை பதறும். பிடிச்சு இழுத்தா அறுத்துடும்.

சீப்பை எடுத்து அவர் கண்ணுக்கு நேரா நீட்டினேன். கத்தியை விடுவாரா, இல்ல இடது கையால வாங்கிக்குவாரான்னு உயிரே போயிடுச்சு. கத்தியை மெதுவா மேசையில வச்சார். சீப்பை வாங்கி தம்பிக்கு வகிடு எடுக்க ஆரம்பிச்சார்.

கத்தியைப் பைக்குள்ள போட்டுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். "கடையை விட்டுடலாங்க"ன்னு சொன்னதும் அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு.

அவர் சீப்பை வச்சுட்டு, துண்டை எடுத்துக் குனிஞ்சு என் முகத்தைத் துடைச்சார். கன்னம், தாடை, காதுக்குப் பின்னாலன்னு ஒரு இடம் விடாம, கடைக்கு வர்றவங்களுக்குத் துடைக்கிற மாதிரியே.

நான் அழறேன்னு துடைச்சாரா, துண்டு கண்ணுல பட்டுச்சுன்னு துடைச்சாரா? டாக்டரம்மாகிட்ட கேட்டா சொல்லிடுவாங்க. நான் கேட்கப் போறதில்ல.