சந்திரமதியின் கை

பரமசிவத்துக்கு முகம் மறந்துபோகும், கை மறக்காது. சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் நெய்னா முகம்மதுவின் விளையாட்டுச் சாமான் பட்டறையில் ஐந்து வருடமாகக் கையுறைக்குத் தோல் வெட்டுகிறவனுக்கு வேறு எது நினைவில் நிற்கும்? பாடாங் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் துரைமார் சிராங்கூன் ரோட்டில் எதிரே வந்தால் யாரோ என்று நடந்துவிடுவான். கையை நீட்டினால் மட்டும் ஆளைச் சொல்லிவிடுவான்.

அதனால்தான் மன்னார்குடிப் பக்கம் தாய்வீட்டில் இருந்த மனைவி சிவகாமசுந்தரியிடம் அவன் மகளின் போட்டோவைக் கேட்கவில்லை, கையைக் கேட்டான். அவள் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஐம்பத்தைந்து ஆகஸ்டில், கப்பல் ஏறியவன். மகள் சந்திரமதியை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை பிள்ளையின் வலது கையைத் தாளில் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடிழுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். பட்டறை வழக்கமும் அதுதான். வருகிறவரின் வலது கையை மட்டும் இவர்களே வரைந்துகொள்வார்கள். தாளைத் திருப்பிப் போட்டால் இடது கைக்கும் அச்சு ஆகிவிடும்.

மூன்று தாள்கள் வந்திருந்தன. நடுவிரல் போன வருடத்துக்கு இந்த வருடம் எத்தனை நூல் வளர்ந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பான். அளந்து முடித்ததும் தன் உள்ளங்கையை அந்தத் தாளின்மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்த ஆசை பசி மாதிரி நேரம் தவறாமல் வந்தது. தாளை எப்படித் தூக்குவது?

அறுபதாம் வருடம் ஜூலையில் காலம் கழுத்தைப் பிடித்தது. புருஷனைப் பிரிந்து ஐந்து வருடம் ஆகிவிட்ட பெண்சாதிக்குச் சிங்கப்பூருக்குள் வர அனுமதி இல்லை என்று சட்டம் வந்திருந்தது. மனுக் கொடுக்க அவனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. நெய்னா முகம்மது பட்டறைக்கு மேலே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, ஜாமீன் கடிதமும் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பப் பாரத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. குடிநுழைவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து கடிதம் வந்தது. சிவகாமசுந்தரி சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்தது. "பிள்ளை இந்த வருடம் கையைப் பிடிக்கவே விடமாட்டேன் என்கிறாள். அப்பா என்றால் யார் என்று கேட்கிறாள். தாத்தாவை விட்டு வரமாட்டாளாம். கதறக் கதற இழுத்து வரட்டுமா, நீங்களே முடிவு சொல்லுங்கள்."

அடுத்த வாரமே இன்னொரு கடிதம். மழை, சுகம், மாடு கன்று போட்டது. உள்ளே மடித்து ஒரு தாள். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கோடு தள்ளாடியது. கட்டைவிரல் வழக்கமான பக்கத்தில் இல்லாமல் மறுபக்கம் இருந்தது. பரமசிவத்துக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். பிள்ளை தூங்கும்போது மல்லாந்து கிடந்த வலது கையைச் சுற்றி, விழித்துவிடுவாளோ என்ற பயத்தில் சிவகாமசுந்தரி அவசரமாக இழுத்த கோடு.

தனக்காக ஒரு குழந்தையின் கையைத் திருட வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாரத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டான்.

"என்னப்பா, பாரம் கொடுத்துட்டியா?" என்று நெய்னா முகம்மது தினமும் கேட்டார்.

"குடுத்துடலாம் பாய்," என்று அவனும் தினமும் சொன்னான்.

வேலை என்னவோ தலைக்குமேல் கிடந்தது. கிளமெண்டி ரோட்டுப் பக்கம் குடியிருந்த கனடாக்கார எஞ்சினியர் ஒருவர் லக்ராஸ் என்று ஓர் ஆட்டத்துக்கு ஆள் சேர்த்திருந்தார். நீளக் குச்சியின் முனையில் வலைப்பை. அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். எதிராளி பந்தைத் தட்டிவிடக் குச்சியை வீசுவான், அடி பாதி நேரம் விரலில்தான் விழும். கிரிக்கெட் கையுறை அதற்கு ஆகாது. பரமசிவம் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை வடிவமைத்தான். விரலின் முதுகில் கணுவுக்குக் கணு தனித்தனி மெத்தை, மடக்குவதற்கு நடுவில் இடைவெளி, உள்ளங்கைக்கு மட்டும் மெல்லிய ஆட்டுத்தோல். குச்சியைக் கை உணர வேண்டுமல்லவா?

எஞ்சினியர் தன் கையை வீட்டிலேயே வரைந்து தபாலில் அனுப்பியிருந்தார். சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை. இங்கும் கட்டைவிரல் மறுபக்கம்தான் இருந்தது. விவரம் தெரியாத துரை கையை மல்லாத்தி வைத்து வரைந்துவிட்டார் என்று பரமசிவம் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பினான். வலது கையுறையின் சுண்டுவிரலைக் குட்டையாக வெட்டினான்.

சனிக்கிழமை காலை எஞ்சினியர் வந்து மாட்டிப் பார்த்தார். வலது சுண்டுவிரல் உள்ளே போகவில்லை. இடது சுண்டுவிரலில் நுனி வெறுமையாக ஆடியது. அவர் கையுறையைக் கழற்றி இடது கையைக் காட்டினார். குறைவிரல் அங்கேதான் இருந்தது.

"இவரு மல்லாத்தி வரைஞ்சிட்டாரு பாய், அதான்," என்றான் பரமசிவம்.

நெய்னா முகம்மது அதை ஆங்கிலத்தில் சொன்னார். எஞ்சினியர் இல்லை என்று தலையாட்டினார். மேசையிலிருந்த பென்சிலை வலது கையில் எடுத்து, இடது கையைத் தாளில் கவிழ்த்து, விரல் விரலாகச் சுற்றிக் கோடிழுத்துக் காட்டினார்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அட, வலது கைல பென்சிலப் புடிச்சிக்கிட்டு வலது கைய எப்படிப்பா வரைவாரு? நாமளே வரைஞ்சு வரைஞ்சு இதுகூடத் தோணாமப் போச்சு பாரு. தனக்குத்தானே வரையிறவன் இடது கையத்தானே வைப்பான்!"

பரமசிவம் சிரிக்கவில்லை. எஞ்சினியரின் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மணிக்கட்டுப் பக்கம் கோடு தள்ளாடியிருந்தது. தன் கையைத் தானே வரைகிறவனுக்கு அங்கேதான் பென்சில் நழுவும்.

"பாய், நான் போயிட்டு வந்துடறேன்."

"எங்கப்பா? துரைக்கு மறுபடி வெட்டணுமே?"

"திங்கக்கிழம வெட்டித் தரேன். என் மக வரைஞ்சிருக்கா பாய். தூங்கல. அவளே உக்காந்து வரைஞ்சிருக்கா."

முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் இவன் மாடிக்கு ஓடிப் பெட்டியைக் கவிழ்த்து, பாரத்தை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டான். கெடுவுக்குச் சில நாள்தான் இருந்தது, சனிக்கிழமை அலுவலகமும் அரை நாள்தான். வழியெல்லாம் ஒரே நினைப்பு: யாரும் கையைப் பிடிக்காமல், தானாக, அப்பாவுக்காக. நாலரை வயதுப் பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்திருப்பாளோ? பேருந்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அடைப்பதற்குப் பத்து நிமிடம் இருந்தது. குடிநுழைவு அலுவலகத்துக் குமாஸ்தா, தமிழ் இளைஞன், பாரத்தைப் புரட்டி ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினான்.

"மத்ததெல்லாம் ஓகே அண்ணே. பிள்ளையோட அடையாளம் எழுதலயே. உயரம் எவ்வளவு?"

பரமசிவம் இடுப்பளவில் கையை நீட்டினான், கொஞ்சம் இறக்கினான், பிறகு மடக்கிக்கொண்டான்.

"நிறம்? மச்சம் ஏதாச்சும்?"

"தெரியாதுங்க. நான் இன்னும் பாத்ததில்ல."

குமாஸ்தா அவனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினான்.

"பரவால்ல லா. கப்பல்லேர்ந்து இறங்கினதும் நிக்க வச்சு நீங்களே அளந்து சொல்லுங்க."

"நிப்பாளான்னுகூட எனக்குத் தெரியாதுங்களே," என்றான் பரமசிவம். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.