சாப்பாட்டுப் பை தொங்கிய ஊசல்

செவிலிமேட்டில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், ஜன்னலோர மேசையில் கட்டியிருந்த ஊசலின் பித்தளைக் குண்டு, பக்கவாட்டில் இழுத்துவிட்ட இடத்திலேயே காற்றில் நின்றுவிட்டது. நூல் சாய்வாக விறைத்து நின்றதே தவிர குண்டு இறங்கி வரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் இதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. ஊசலை ஆட்டி, நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவது அந்தக் கல்லூரியில் ஊசலைத் தொடாமலே முடிகிற வேலை. விடை 9.8 என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கடைசி வரியில் முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து கணக்கை மேல்நோக்கி ஏற்றி, அலைவு நேரங்களை நிரப்பிக்கொள்வார்கள். சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுடைய சீனியர்களும் அப்படித்தான். ஊசல் நின்றுபோன ஆண்டிலும் வகுப்பு முழுக்க 9.8 வந்தது. துறைத்தலைவர் கலியாணசுந்தரம் தேர்ச்சி விழுக்காட்டைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்.

ஆய்வக உதவியாளர் வடிவு மட்டும் அதைப் பார்த்திருந்தார். சாய்ந்து நின்ற நூல் கைக்கு எட்டும் உயரத்தில் தோதாக இருந்ததால் தன் சாப்பாட்டுப் பையை அதில் மாட்டிக்கொண்டார். நூல் தாங்கியது. ஆயுத பூஜையன்று தராசு, அம்மீட்டர், லென்சுகளோடு சேர்த்து அந்தரத்தில் நின்ற குண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கலியாணசுந்தரம் சூடம் காட்டிவிட்டு, கருவிகள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லிப் பொரி கடலை கொடுத்தார்.

மூன்றாம் ஆண்டு திருப்புட்குழியிலிருந்து தேவிப்ரியா என்கிற இளம் விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே பையைக் கழற்றி, நூலை மாற்றி, குண்டை மாற்றி, தாங்கியையும் மாற்றிப் பார்த்தார். புதுக் குண்டும் விட்ட இடத்தில் நின்றது. கலியாணசுந்தரம் ஈரக்காற்று என்றார். தேவிப்ரியாவுக்கு வேறொன்று உறைத்தது. அவரும் தன் படிப்புக் காலத்தில் ஊசல் பக்கமே போகாமல் 9.8 எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்தான். அன்று அவருக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

அந்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்தவள் ஓரிக்கை ஜீவிதா. அவளுடைய அப்பா மாணிக்கவேல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சொன்ன சொல் மாறாதவர். கல்லூரிக்கு அனுப்பிய நாளிலேயே சொல்லிவிட்டார்: “இங்க பாரும்மா, ஒரே ஒரு அரியர் வுழுந்தாலும் படிப்பு போதும். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில சொல்லி வச்சிக்கிறேன். மறுநாளே பஸ் ஏறிடணும்.” ஜீவிதாவுக்கு அந்த நீலநிறக் கம்பெனி பஸ்ஸைத் தெரியும். விடியற்காலையில் ஓரிக்கை நிறுத்தத்தில் தூங்கி வழியும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அவள் ஏற விரும்பாத பஸ் அது ஒன்றுதான்.

முதல் செய்முறை வகுப்பில் அவள் குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள். “மேம், புக்ல 9.8ன்னு போட்டிருக்குது. நம்ம ஊர்லயும் அதானா?”

தேவிப்ரியா, “தெரியலமா. விட்டுப் பாப்போம்” என்றார்.

ஜீவிதா விட்ட குண்டு கீழே வந்து, மறுபக்கம் ஏறி, திரும்பியது. மற்றவர்களும் வரிசையில் வந்து விட்டுப் பார்த்தார்கள். உண்மையாகவே சந்தேகம் வந்தவர்களுக்கு ஆடியது, வராதவர்களுக்கு நின்றது. குரு என்கிற மாணவன் ஜீவிதாவின் கேள்வியை மனப்பாடம் செய்து, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து, குண்டை விட்டான். குண்டு அசையவில்லை. அதன் பிறகு தேவிப்ரியா எந்தப் பாடத்தையும் விடையிலிருந்து தொடங்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக வந்தவர் தேவசகாயம். 9.8 வராதவர்களைத் தயங்காமல் ஃபெயிலாக்குகிறவர் என்று வேலூர் வரைக்கும் பெயர். தேவிப்ரியாவுக்குப் பயம் வந்துவிட்டது. வாசலில் ஜீவிதாவை நிறுத்தி, “9.8ன்னே எழுதிடுமா, இன்னிக்கு மட்டும்” என்றார். அதைச் சொன்னதற்காகப் பின்னால் பல நாள் வருந்தினார்.

ஜீவிதா மூன்று முறை ஆட்டிப் பார்த்தாள். 9.71 வந்தது. தாளில் 9.8 என்று எழுதினாள். ஆடிக்கொண்டிருந்த குண்டு பாதியில் நின்றது. குண்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். நீல பஸ் நினைவுக்கு வந்தது, அழுகையும் வந்தது. எழுதியதை அடித்துவிட்டு 9.71 என்று போட்டாள். குண்டு நின்ற இடத்திலிருந்து மறுபடி ஆடியது.

“என்னமா இது?” என்றார் தேவசகாயம்.

“இதான் சார் வருது. மூணு தபா பாத்துட்டேன்.”

“அப்ப ஃபெயில்தான். பரவால்லியா?”

“நீங்களே ஒருக்கா விட்டுப் பாருங்க சார்.”

தேவசகாயம் விட்டார். குண்டு அவர் மூக்குக்கு நேராக நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி விட்டார். நின்றது. வெளித்தேர்வாளருக்கென்று வரவழைத்த பிரியாணி பக்கத்து அறையில் வாசம் வீசிக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரம் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தேவசகாயம் ஸ்டூலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “உனக்கு மட்டும் எப்பிடிமா ஆடுது?”

“நம்ம ஊர்லயும் அதான் வருமான்னு நெனைச்சிக்கினே விடுவேன் சார்.”

இத்தனை வருடத்தில் அவரிடம் ஒரு மாணவரும் இதைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நெடுநேரம் குண்டைப் பிடித்தபடி இருந்து, பிறகு விட்டார். ஆடியது. வாய்விட்டு எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தவறி, வெட்கப்படாமல் முதலிலிருந்து எண்ணினார். அவருக்கு 9.76 வந்தது. அதை ஜீவிதாவின் 9.71-க்குப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிடப் போனார்.

ஜீவிதாவுக்கு அரியர் விழவில்லை. நீல பஸ்ஸில் மாணிக்கவேல் சொல்லி வைத்திருந்த இடத்தில் வேறு வீட்டுப் பெண் ஏறிப் போனாள். ஜீவிதா மேலே படித்து, இப்போது அதே ஆய்வகத்தில் பாடம் நடத்துகிறாள். பை மாட்ட இடமில்லாமல் போனதாக வடிவு புகார் சொல்லி, சுவரில் ஒரு ஆணி அடிக்கப்பட்டது. ஆனாலும் எப்போதாவது ஒரு நாள் குண்டு காற்றில் நின்றுவிடும். அன்று வடிவு பையை ஆணியிலிருந்து எடுத்துப் பழையபடி நூலில் மாட்டுவார். ஜீவிதா பையைப் பார்த்ததும் பலகையில் எழுதிவிட்ட விடையை அழித்துவிட்டுப் பாடத்தை முதலிலிருந்து தொடங்குவாள்.